வயல்ல தழை மிதிக்கிற மாதிரி காய்கறிக் கொல்லையில மிதிக்காதீங்க: தக்கைப்பூண்டு பத்தி கொஞ்சம் விரிவா

தம்பி, நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். மன்னார்குடி பக்கம், முன்ன நெல்லு போட்டுக்கிட்டு இருந்த நெலத்துல வீடு கட்டி பின்னாடி ஆறு சென்ட் மீதி கெடக்கு, சுத்தக் களி, வெயில்ல கை நுழையிற அளவு வெடிக்குது, மழை பேஞ்சா கூழாப் போவுது. யாரோ சொன்னாங்கன்னு தக்கைப்பூண்டு (பச்சையாவே வெட்டி மண்ணுக்கு உரமாக்குற பயிரு, பசுந்தாள்னு சொல்றது) வெதச்சீங்க, ஆள் ஒசரம் வந்ததும் ஆனிக் கடைசியில தண்ணிய கட்டி மிதிச்சு விட்டீங்க, அஞ்சாம் நாளே வெண்டை ஊனி கத்தரி நாத்தும் நட்டீங்க. இப்ப ஆடி பாதி ஆவுது, வெண்டை முக்கால்வாசி முளைக்கல, கத்தரி மஞ்சளா நிக்குது, இந்த பசுந்தாள் உரம் காய்கறிக்கு ஆவுமா ஆவாதான்னு கேக்குறீங்க.

ஆவும். நல்லாவே ஆவும். உங்க தக்கைப்பூண்டு மேல எந்தத் தப்பும் இல்ல, நெல்லுக்கு பண்றத அப்படியே காய்கறிக்கு பண்ணிட்டீங்க, அவ்ளோதான் விஷயம். நம்ம டெல்டாவுல எல்லாரும் இததான் பண்றாங்க, ஏன்னா நமக்கு தழை உரம்னாலே சேடை ஓட்டி, அதாவது தண்ணி கட்டி சேறா உழுது, சேத்துல மிதிக்கிறதுதான் தெரியும், தாத்தா காலத்துலேருந்து பாத்தது அதான். பூவரசு, வேம்பு, புங்கு, எருக்கு எல்லாத்தையும் கட்டு கட்டா வெட்டியாந்து நாத்தங்கால்ல போட்டு மிதிச்சு, ஒரு வாரம் பத்து நாள்ல வெதை விட்டாங்க, பயிரு கருகருன்னு வந்துச்சு. அது நெல்லு. நெல்லுக்கு தண்டுக்குள்ள காத்து போற வழி இருக்கு, மேல இலையிலேருந்து காத்த கீழ வேருக்கு அதுவே எறக்கிக்கும், அதனால சேத்துக்குள்ள காத்தே இல்லன்னாலும் அது பாட்டுக்கு வளரும். கத்தரிக்கும் வெண்டைக்கும் மொளகாய்க்கும் அந்த வசதி கெடையாது, அதுங்க வேரு மண்ணுக்குள்ள இருக்குற காத்தத்தான் நம்பி இருக்கு.

இப்ப நீங்க பண்ணத யோசிச்சுப் பாருங்க. களிமண்ணு, அதுல தண்ணி கட்டி மிதிச்சாச்சு, மண்ணுல இருந்த சந்து எல்லாம் அடஞ்சு போச்சு. உள்ள பச்சைத் தழை அழுவ ஆரம்பிக்குது, அழுவுறப்ப அந்த நுண்ணுயிரு எல்லாம் மீதி இருக்குற காத்தையும் தின்னுடும், அதுக்கப்புறம் காத்தில்லாம அழுவுனா புளிப்பா சில அமிலம் வரும், முட்டை அழுவுன நாத்தத்துல ஒரு வாயு வரும், ரெண்டுமே எளம் வேருக்கு விஷம் மாதிரி. சாக்கடை நாத்தம் அடிச்சுதுன்னு நீங்களே எழுதி இருக்கீங்க, அது இதான். இன்னொன்னு, பச்சைத் தழை புதுசா மண்ணுக்குள்ள போனதும் நாத்தழுகல் பண்ற பூஞ்சை, பித்தியம்னு சொல்வாங்கல்ல, அது மொத ஒரு வாரம் பத்து நாளைக்கு கன்னாபின்னான்னு பெருகும், அதுக்கு தீனி கெடச்சுடுச்சு. அந்த நேரத்துல போயி விதை ஊனுனா முளைச்சு வெளிய வர்றதுக்கு முன்னாடியே அழுவிடும். வெண்டை முளைக்காததுக்கு விதைக்கடைக்காரர திட்டாதீங்க, அஞ்சாம் நாள் ஊனுனா எந்த விதையும் அப்படித்தான் போவும்.

எனக்கு தஞ்சாவூர் பாபநாசம் பக்கம், குடமுருட்டி ஆத்துப் படுகையில ஒரு மா (ஏக்கர்ல மூணுல ஒரு பங்கு) நெலம், அது மணல் கலந்த வண்டல். வீட்டுக்குப் பின்னாடி எட்டு சென்ட், அது உங்களது மாதிரியே முன்னாள் வயலு, களி. ரெண்டுலயும் வருஷா வருஷம் பசுந்தாள் போடுறேன், ரெண்டுலயும் ஒரே மாதிரி போட முடியாது. அத வச்சுத்தான் சொல்றேன்.

மொதல்ல உங்க மண்ணு. வயலா இருந்த நெலத்துல வருஷக் கணக்கா சேடை ஓட்டி ஓட்டி, ஒரு அரை அடி முக்கா அடிக்குக் கீழ பாறை மாதிரி ஒரு கெட்டி அடுக்கு விழுந்திருக்கும். நெல்லுக்கு அது நல்லது, தண்ணி கீழ எறங்காது. காய்கறிக்கு அதுதான் எமன். கடப்பாரைய எடுத்து நாலு எடத்துல குத்திப் பாருங்க, சுலபமா எறங்கி திடீர்னு நின்னுச்சுன்னா அதான் அது. நீங்க எவ்வளவு தழை போட்டாலும் மேல அரை அடிதான் மாறும், மழைத் தண்ணி அந்த அடுக்கு மேல நின்னு வேர அழுவடிக்கும். ஒரே ஒரு தடவ, சித்திரையில மண்ணு நல்லா காஞ்சு கெடக்குறப்ப, கடப்பாரைய விட்டு ஒண்ணரை அடிக்கு ஒரு குத்துன்னு நெம்பி விட்டுடுங்க. கெளறி புரட்ட வேணாம், சும்மா நெம்பி விரிசல் விட்டா போதும். அதுக்கு மேல தக்கைப்பூண்ட வெதச்சா அது ஆணிவேரு அந்த விரிசல் வழியா கீழ எறங்கும், அப்புறம் நீங்க மேல வெட்டுனதும் அந்த வேரு உள்ளயே மக்கி குழாய் குழாயா வழி விட்டுடும். களிமண்ணுக்கு மேல இருக்குற தழைய விட கீழ இருக்குற வேருதான் பெரிய வேலை பாக்குதுன்னு நான் நெனைக்கிறேன். நாலு வருஷமா எங்க கொல்லையில பாத்தது அப்படி.

அப்புறம் மேட்டுப்பாத்தி. அந்தக் காலத்துல நம்ம பக்கம் காய்கறிய எங்க போட்டாங்க, திடல்லயும் படுகையிலயும்தானே, வயலுக்குள்ள யாரு போட்டா? ஆறு சென்ட்டுலயும் மூணடி அகலத்துல பாத்தி, முக்கா அடி ஒசரம், நடுவுல வாய்க்கா, அந்த வாய்க்கா கடைசியில தண்ணி வெளிய போறதுக்கு ஒரு வடிகால். ஐப்பசி கார்த்திகையில நம்மூரு மழைய இது இல்லாம சமாளிக்க முடியாது.

இனி எத வெதைக்கிறது. உங்க மண்ணுக்கு தக்கைப்பூண்டு சரியான தேர்வுதான், தண்ணி நின்னாலும் தாங்கும், கொஞ்சம் உப்பு, களரு இருந்தாலும் தாங்கும், அதனாலதான் நாகப்பட்டினம் பக்கம் களர் நெலத்த சீர்திருத்துறப்ப ஜிப்சம் போட்டு தண்ணி வச்சு வடிச்சிட்டு மொத வேலையா இத வெதைக்கச் சொல்றாங்க. மணிலா அகத்தின்னு ஒண்ணு இருக்கு, வேர்ல மட்டும் இல்லாம தண்டுலயும் முடிச்சு வரும், தண்ணி நிக்கிற எடத்துல அது இன்னும் நல்லா தழைச்சத்து (நைட்ரஜன்) புடிக்கும், ஆனா பகல் நீளம் கம்மியான மாசத்துல வெதச்சா சின்னதுலயே பூத்துடும், கோடையில போட்டாத்தான் ஒசரமா வரும்.

சணப்புன்னு இன்னொரு பசுந்தாள் பயிரு, அது பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா காய்கறிக்காரங்க இத கவனிக்கிறதே இல்ல. நெல்லுக்காரனுக்கு வேர்முடிச்சுப் புழு பெரிய பிரச்சனை இல்ல, காய்கறிக்காரனுக்கு அது தலையாய பிரச்சனை. தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல், புடலை எதைப் புடுங்குனாலும் வேரு இஞ்சிக் கெழங்கு மாதிரி முண்டு முண்டா இருந்தா அதான் அந்த நூற்புழு. மணல் பாங்கான எடத்துல ரொம்ப வரும், எங்க படுகையில வெண்டை ரெண்டு போகம் தொடர்ந்து போட்டா மூணாவது போகத்துல செடி நின்ன நெலையிலயே வாடும். சணப்பு அந்தப் புழு பெருகாம அடக்குற பயிரு. தட்டைப்பயறு அப்படி இல்ல, பல ரகத்துல அந்தப் புழு சந்தோஷமா குடியிருக்கும், மண்ணுக்கு நல்லதுன்னு தட்டைப்பயற வெதச்சு, வெட்டி மண்ணுக்குள்ள மடக்குனா புழுவையும் சேத்து வளத்து விட்ட கதைதான். அதனால படுகை நெலத்துல நான் சணப்பு மட்டும்தான். ஆனா சணப்புக்கு தண்ணி நின்னா ஆவாது, ரெண்டு நாள் நின்னாலே மஞ்சளாவும், உங்க களியில மேட்டுப்பாத்தி போட்டதுக்கு அப்புறம் ஒரு பகுதியில முயற்சி பண்ணிப் பாக்கலாம்.

இதுல ஒரு கொழப்பம் நெறைய பேருக்கு வருது, அதையும் சொல்லிடுறேன். பசுந்தாள் பயிரு வேர்லயும் முடிச்சு இருக்கும், அது நல்ல முடிச்சு, காத்துல இருக்குற தழைச்சத்த புடிக்கிற பாக்டீரியா உக்காந்திருக்குற வீடு. புழு போட்ட முடிச்சும் பாக்க கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். வெதச்சு 25, 30 நாள்ல ஒரு செடிய மம்பட்டியால மண்ணோட தோண்டி எடுத்து தண்ணியில அலசிப் பாருங்க. நல்ல முடிச்சு வேரு மேல ஒட்ட வச்ச மாதிரி இருக்கும், விரல்ல தேச்சா உதிரும், நகத்தால கீறுனா உள்ள ரோஸ் கலரா, ரத்தச் செவப்பா இருக்கும். புழு முடிச்சு வேரே வீங்குன மாதிரி இருக்கும், தேச்சா வராது. நல்ல முடிச்சுலயே உள்ள வெள்ளையா, பச்சையா இருந்தா அது வேலை செய்யலன்னு அர்த்தம். மொத தடவ போடுற எடமா இருந்தா ரைசோபியம் (அந்த நல்ல பாக்டீரியா) பாக்கெட் வாங்கி ஆறுன சோத்துக்கஞ்சியில கலந்து விதையில பெரட்டி நெழல்ல ஒரு அரை மணி ஒணத்தி வெதச்சுடுங்க, பாக்கெட்ட எந்தப் பயிருக்குன்னு சொல்லி வாங்கணும், நெலக்கடலைக்கு உள்ளது தக்கைப்பூண்டுக்கு ஒட்டாது.

கொளிஞ்சிய நீங்க கேக்கல, இருந்தாலும். தண்ணியே இல்லாத கோடைக்கு அது. ஆடு மாடு வாய் வைக்காது, ஒரு தடவ வெதச்சா விதை கொட்டி வருஷா வருஷம் தானா வரும். விதைத் தோலு கெட்டி, மணல்ல போட்டு தேச்சுட்டு வெதைக்கணும். மெதுவாத்தான் வளரும், ஆறு சென்ட் கொல்லைக்கு அவ்ளோ பொறுமை யாருக்கும் இருக்காது.

விதை அளவு. ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டுன்னு சொல்றாங்க, அப்ப சென்ட்டுக்கு 200 கிராம். கொல்லைக்கு நான் 250, 300 கூட போடுவேன், நெருக்கமா போட்டா தண்டு மெல்லிசா வரும், வெட்டவும் சுலபம் மக்கவும் சுலபம், களையும் தலை தூக்காது. சணப்பு சென்ட்டுக்கு 150 கிராம் மாதிரி போதும். ராத்திரி ஊற வச்சு காலையில நெழல்ல தண்ணி வடிச்சு வெதச்சா ரெண்டு மூணு நாள்ல முளைச்சுடும்.

ஒண்ணு மறந்துடக் கூடாது, இது காத்துலேருந்து தழைச்சத்து மட்டும்தான் கொண்டாரும். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) எங்கேருந்தும் புதுசா வராது, மண்ணுல இருக்குறத எடுத்து மறுபடி மண்ணுக்கே குடுக்கும். அதுலயும் முடிச்சு நல்லா வைக்கணும்னா அதுக்கே மணிச்சத்து வேணும். அதனால காய்கறிக்கு போடப் போற மணிச்சத்த முன்கூட்டியே பசுந்தாளுக்கு போட்டுடுறது புத்திசாலித்தனம், பசுந்தாள் எடுத்துக்கிட்டு மக்குறப்ப காய்கறிக்கு திருப்பிக் குடுக்கும். நல்லா மக்குன எரு சென்ட்டுக்கு அம்பது கிலோ கெடச்சா அதுலயே ஓரளவு வந்துடும். இயற்கை உரம்னு ராக் பாஸ்பேட் வாங்கிப் போடுறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், அது புளிப்பு மண்ணுலதான் ஒழுங்கா கரையும், நம்ம டெல்டா களி பெரும்பாலும் அப்படி இல்ல. நீடாமங்கலத்துல வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்கு பக்கம்தானே, மண்ண எடுத்துட்டுப் போயி பரிசோதனைக்கு கேட்டுப் பாருங்க, அமிலமா காரமான்னு தெரிஞ்சா பாதி சந்தேகம் தீந்துடும்.

இப்ப முக்கியமான எடம், எப்ப வெட்டுறது. நீங்க ஆள் ஒசரம்னு எழுதி இருக்கீங்க, எத்தனை நாளுன்னு எழுதல, ஆனா என் கணிப்பு 60 நாளுக்கு மேல ஆயிருக்கும். ஒசரத்த பாக்காதீங்க, மொட்டப் பாருங்க. மொத மொட்டு தெரியிறப்ப, ஒண்ணு ரெண்டு பூ விரியிறப்ப வெட்டிடணும், தக்கைப்பூண்டு சணப்பு ரெண்டுக்கும் 40லேருந்து 50 நாளுக்குள்ள அது வந்துடும். தண்டு நடுவுல நகத்த அழுத்துனா எறங்கணும், மடக்குனா பட்டுன்னு ஒடையணும். நாரு உரிஞ்சுக்கிட்டு தொங்குனா லேட் ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

லேட் ஆனா என்ன ஆவும்? 2019ல எனக்கு பொண்ணு கல்யாண வேலை, ரெண்டரை மாசம் கொல்லைப் பக்கமே போகல, தக்கைப்பூண்டு ஒன்பது அடி நிக்குது, தண்டு விரல் மொத்தம். அவ்ளோ தழையாச்சே நல்லதுதானேன்னு எல்லாத்தையும் வெட்டி மண்ணுக்குள்ள தள்ளி இருபது நாள் விட்டு மொளகாய் நட்டேன். ஒன்றரை மாசம் செடி மஞ்சளாவே நின்னுச்சு. காரணம் என்னன்னா, முத்துன தண்டுல மரச்சத்து, கரிச்சத்து ஜாஸ்தி, தழைச்சத்து கம்மி. அத மக்க வைக்கிற நுண்ணுயிருக்கு தழைச்சத்து வேணும், தண்டுல இல்லன்னா மண்ணுல இருக்குறத எடுத்துக்கும், செடிக்கு மிஞ்சாது. அந்த தழைச்சத்து எங்கயும் போயிடல, மூணு மாசம் கழிச்சு வெளிய விட்டுச்சு, அப்ப மொளகாய்க்கு வயசாயிடுச்சு. இப்ப லேட் ஆனா நான் என்ன பண்றேன்னா, நுனியும் இலையும் மட்டும் உருவி மண்ணுக்கு, முத்துன தண்ட காய வச்சு அவரைக்கும் பாகலுக்கும் கொடி ஏத்துற குச்சியா வச்சுக்கிறேன், ஒரு பருவம் தாங்கும்.

சரி, ஆனா எளசா வெட்டுனா மண்ணுல ஒண்ணும் தங்காது, சீக்கிரம் கரைஞ்சிடும்னு சில பேர் சொல்றாங்க, அதுவும் உண்மைதான். நம்மூரு வெயில்லயும் ஈரத்துலயும் எளந்தழை மூணு நாலு மாசத்துல காணாமப் போயிடும், பயிருக்கு உரமா ஆவுமே தவிர மண்ணுல கருப்பா மட்கா தங்குறது கொஞ்சம்தான். அதனாலதான் இத ஒரு வருஷம் போட்டுட்டு மண்ணு மாறலன்னு சொல்லக் கூடாது. வருஷா வருஷம் போடணும், கூடவே வைக்கோலு, சருகு, எருன்னு முத்துன சாமானும் மேல மூடாக்கா போடணும். எங்க எட்டு சென்ட்டுல மண்ணு மம்பட்டிக்கு பொலபொலன்னு விழ ஆரம்பிச்சது மூணாவது வருஷம்தான்.

வெட்டி மடக்குற முறை. தண்ணி கட்டாதீங்க, இத பெரிய எழுத்துல எழுதி வச்சுக்கங்க. அருவாளால அடியில அறுத்து, அங்கேயே அரை அடி துண்டா கொத்திப் போட்டு, ஒரு நாள் வெயில்ல வாட விடுங்க. மண்ணு புட்டு மாவு பதத்துல இருக்கணும், கையில எடுத்து புடிச்சா உருண்டை நிக்கணும், விரலால தட்டுனா உதிரணும். களியில இந்தப் பதம் மழைக்கு அப்புறம் ரெண்டு மூணு நாள்தான் இருக்கும், அதுக்கு முன்னாடி போனா சேறு, கொத்துனது காஞ்சதும் செங்கல்லா ஆயிடும், அதுக்கு அப்புறம் போனா மம்பட்டி எறங்காது. அந்தப் பதத்துக்குக் காத்திருந்து மேலாக்க நாலு அஞ்சு விரக்கடை ஆழத்துக்கு மட்டும் கொத்தி மண்ணோட கலந்து விடுங்க. ஆழமா பொதைக்கக் கூடாது, கீழ காத்து இல்ல, மறுபடி அதே சாக்கடை நாத்தம்தான். பவர் வீடர் வாடகைக்கு கெடச்சா இன்னும் சுலபம், ஆறு சென்ட் ஒரு மணி நேர வேலை. மேல லேசா சாணிக் கரைசல் தெளிச்சா நல்லது, இல்லன்னாலும் மக்கும். மண்ணு காயாம லேசா ஈரம் காட்டிக்கிட்டே இருக்கணும், தண்ணி நிக்கக் கூடாது.

கொத்தவே முடியலன்னா கொத்த வேணாம். அடியோட அறுத்து தழைய பாத்தி மேலயே பரப்பி மூடாக்கா போட்டுடுங்க, வேரு உள்ளயே இருக்கட்டும், ரெண்டு வாரம் கழிச்சு தழைய ஒதுக்கி குழி எடுத்து நாத்த நட்டுடலாம். மேல கெடக்குற தழையில தழைச்சத்து கொஞ்சம் காத்தோட போயிடும், உண்மைதான், ஆனா களிமண்ணுல ஈரத்துல கொத்தி மண்ண கெடுக்குறதுக்கு இது எவ்வளவோ மேல். நாத்து நடுற பயிருக்கு இது நல்லா வருது, கீரை முள்ளங்கி மாதிரி விதை தூவுற பயிருக்கு மட்டும் இது சரிப்படாது.

எத்தனை நாள் காத்திருக்கணும்? நாத்துக்கு ரெண்டு வாரத்துலேருந்து மூணு வாரம், விதை நேரா ஊனுறதுக்கு மூணு வாரத்துக்குக் கொறையாம. நாள எண்ணுறத விட மண்ணக் கேக்குறது நல்லது. ஒரு கைப்பிடி தோண்டி எடுங்க, இலை எதுன்னு அடையாளம் தெரியக் கூடாது, கை வச்சா சூடு இருக்கக் கூடாது, மொத மழை வாசனை அடிக்கணும். சந்தேகமா இருந்தா ஒரு மூலையில பத்து இருபது வெந்தயம் தூவுங்க, நாலு நாள்ல ஒழுங்கா முளைச்சு நிமிந்து நின்னா மீதி வெதையப் போடலாம், முளை கருகுனா இன்னும் ஒரு வாரம்.

இத நம்மூரு காலத்தோட பொருத்திப் பாக்கணும், அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. நடவு நாள மொதல்ல வச்சுக்கிட்டு பின்னாடி எண்ணணும். ஆடிப்பெருக்கு அன்னைக்கு நாத்து நடணும்னா, ஆனி 25 வாக்குல தழை மண்ணுக்குள்ள போயிருக்கணும், அப்படின்னா வைகாசி 10, 12க்குள்ள வெதச்சிருக்கணும். அப்ப ஆத்துல தண்ணி இருக்காது, மேட்டூரே ஜூன் 12 தொறக்குறதுதான் வழக்கம், அது கல்லணைக்கு வந்து நம்ம வாய்க்காலுக்கு எப்ப வருமோ. கொல்லைக்கு போர் தண்ணியோ அடிபம்போ இருந்தா போதும், முளைக்க ஒரு தண்ணி, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. கோடை மழை ஒண்ணு ரெண்டு கெடச்சா அதுவும் வேணாம்.

பசுந்தாள் போட இன்னொரு சந்து, ரெண்டு பயிருக்கு நடுவுல ஒரு எடைவெளி இருக்கு, அது எனக்கு ரொம்பப் புடிச்சது. ஐப்பசி, கார்த்திகை மழையில தாழ்வான கொல்லையில எந்தக் காய்கறி போட்டாலும் பாதி அழுவுது, சும்மா போட்டா கோரையும் அருகும் ஏறுது. அந்த எடத்துல புரட்டாசி நடுவுல தக்கைப்பூண்ட வெதச்சு விட்டுடுறேன். மழை எல்லாம் அது வாங்கிக்கும், மண்ணு பொருக்கு தட்டாது, கரைஞ்சும் போவாது. அந்த சீசன்ல பகல் சுருக்கம், சீக்கிரம் பூக்கும், ஆனா சேத்துல எறங்கி கொத்த முடியாது. அப்ப முழங்கால் ஒசரத்துல வெட்டி தழைய அங்கேயே போட்டுடுவேன், அது மறுபடி துளுக்கும், மார்கழியில மழை விட்டு மண்ணு பதத்துக்கு வந்ததும் மீதியையும் வெட்டி மடக்கிட்டு தைப்பட்டத்துக்கு மொளகாயோ கத்தரியோ நடுவேன். தையில ஆத்துத் தண்ணிய நிறுத்துறப்ப மண்ணுல அந்த ஈரம் நல்லா நிக்கும்.

ஆறு சென்ட்டையும் ஒரே நேரத்துல பசுந்தாளுக்கு விட்டா வீட்டுல காய் இல்லாம போவும், அப்புறம் அடுத்த வருஷம் நீங்களே விட்டுடுவீங்க. மூணா பிரிங்க, ரெண்டு சென்ட் வீதம். ஒரு பருவத்துக்கு ஒரு பங்கு பசுந்தாள், மத்த ரெண்டுல காய். மாத்தி மாத்தி வந்தா ஒண்ணரை வருஷத்துக்குள்ள எல்லா எடத்துக்கும் ஒரு சுத்து வந்துடும். வேலியோரமா பத்தடிக்கு ஒண்ணு கிளைரிசிடியா போத்து ஊனி விடுங்க, சந்து கெடைக்காத பருவத்துல அந்தத் தழைய வெட்டி மூடாக்கா போட்டுக்கலாம்.

பலதானிய விதைப்பு பண்ணலாமான்னும் கேட்டிருந்தீங்க. நம்ம இளங்காட்டுல பொறந்த இயற்கை விவசாயம் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊரா சொல்லிட்டுப் போன முறை அது, சோளம் கம்பு மாதிரி தானியம், பயறு, எள்ளு ஆமணக்கு மாதிரி எண்ணெய் வித்து, கொத்தமல்லி கடுகு மாதிரி மசாலா, கூட தக்கைப்பூண்டு சணப்பு எல்லாம் கலந்து வெதச்சு அம்பது அறுவது நாள்ல மடக்குறது. ரொம்ப கெட்டுப் போன நெலத்துக்கு மொத வருஷம் நல்ல முறை, வேரு வேற வேற ஆழத்துல போவும், தழையும் எளசு முத்தலு கலந்து இருக்கும். சோளமும் கம்பும் மக்க நேரம் எடுக்கும், அதனால காத்திருப்ப இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கங்க. தட்டைப்பயற மட்டும் புழு இருக்குற எடத்துல தவிர்த்துடுங்க.

கணக்கு ஒண்ணு. நல்லா வந்த தக்கைப்பூண்டுல சென்ட்டுக்கு 60லேருந்து 100 கிலோ வரை பச்சைத் தழை வரும், அதுல தோராயமா கால் கிலோ தழைச்சத்து, யூரியா கணக்குல அரை கிலோவுக்கு மேல. முழுசும் மொத பயிருக்கே வந்துடாது, இருந்தாலும் இதுக்கு மேல யூரியாவையும் பழைய அளவுலயே போட்டா கத்தரி எலையா தள்ளும், அசுவினியும் தத்துப்பூச்சியும் அந்த எளந்தளிர தேடி வரும், காய் லேட் ஆவும். மடக்குன பாத்தியில அடியுரமா யூரியா போடவே போடாதீங்க, பூக்குறப்ப செடியப் பாத்து முடிவு பண்ணிக்கலாம். மொத பயிரா கத்தரி, வெண்டை, கீரை போடுங்க, நல்லா சாப்புடுற பயிரு. முள்ளங்கிய ரெண்டாவது வைங்க, புதுத் தழை மக்குன மண்ணுல அது எலையாத்தான் போவும். அவரை கொத்தவரைக்கு இந்தப் பாத்திய வீணாக்க வேணாம், அதுங்களே தழைச்சத்து புடிச்சுக்கும்.

விதைக்கு ஒவ்வொரு தடவையும் கடைக்கு ஓட வேணாம். ஓரத்துல கொஞ்சம் செடிய வெட்டாம விட்டு காய் காஞ்சதும் அடிச்சு எடுத்து வச்சுக்கங்க, அடுத்த வருஷத்துக்கு ஆவும். ஆடு வராம பாத்துக்கங்க, தக்கைப்பூண்டுன்னா ஆட்டுக்கு உசுரு.

இப்ப கொல்லையில நிக்கிறதுக்கு என்ன பண்றதுன்னு பாப்போம். கத்தரிய புடுங்கிடாதீங்க. ஒரு செடிய மட்டும் தோண்டி வேரப் பாருங்க, பழுப்பா வழுவழுன்னு தோலு உரிஞ்சு வந்தா அது போச்சு, வெள்ளையா புது வேரு நாலு தெரிஞ்சா பொழைச்சுடும். ஓரத்துல ஒரு வடிகால் வெட்டி தேங்குன தண்ணிய மொதல்ல எறக்குங்க, மூணு நாள் தண்ணி காட்டாதீங்க, பதம் வந்ததும் செடியச் சுத்தி களைக்கொத்தால மேலாக்க கீறி காத்து விடுங்க. நீங்க மிதிச்ச தழை வீண் இல்ல, மூணு வாரம் கிட்ட ஆச்சு, காத்து உள்ள போனா இனிமே ஒழுங்கா மக்கும், கொழுந்து எல பச்சையா வர ஆரம்பிக்கும், அடி எல மஞ்சளா இருந்தா இருக்கட்டும். வெண்டை முளைக்காத எடத்துல மண்ண கீறி ரெண்டு நாள் ஆற விட்டு அந்த வெந்தயத்த தூவிப் பாருங்க. அது நின்னா வெண்டைய மறுபடி ஊனுங்க, ஆடிப்பட்டம் இன்னும் கடந்து போயிடல.